இரும்பு போக மீதி

தர்மபுரி மாவட்டத்துத் தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து துண்டில் கல்லை முடிந்துகொண்டு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இதில் எத்தனை சதவீதம் இரும்பு?" இரண்டாவது கேள்வி கிடையாது. சதவீதத்தைச் சொன்னதும் முகம் மலரும், அல்லது சுருங்கும். கல்லில் இரும்பு போக மீதி என்ன இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. கல்லின் விலை, அது உலைக்குப் போகுமா ரோட்டுக்கு ஜல்லியாகப் போகுமா என்ற தீர்ப்பு எல்லாம் அந்த மீதியில்தான் இருக்கிறது. இதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் பிறந்தது அரூருக்குப் பக்கத்தில். வேலை ஓசூரில் ஒரு தனியார் சோதனைக்கூடத்தில். எங்களுக்குச் சோறு போடுவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் வார்ப்பாலைகளிலிருந்து வரும் உலோகத் துண்டுகளும்தான். தாதுக் கல் எப்போதாவது வரும். வந்தால் நேராக என் மேசைக்கு வந்துவிடும். எக்ஸ்ரே கருவிக்குள் கல்லின் பொடியில் செய்த வில்லையை வைத்துப் பொத்தானை அழுத்தினால் பத்துப் பதினைந்து தனிமங்களின் அளவு திரையில் வந்துவிடும் காலம் இது. ஆனால் அந்தக் கருவிக்குச் சரியான கணக்கைக் கற்றுக்கொடுக்க, ஏற்கெனவே அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, நிறுத்துப் பார்த்து அளவு உறுதிசெய்யப்பட்ட ஒரு கல் வேண்டும். அந்தப் பழைய வேலை எனக்குப் பிடிக்கும். கூடத்தில் மற்றவர்களுக்குப் பிடிக்காது. அதனால் சண்டை இல்லை.

முதலில் சதவீதத்தையே பார்த்துவிடலாம். மேக்னடைட் என்பது காந்தத்தில் ஒட்டும் கறுப்பு இரும்புத் தாது. உலகத்திலேயே தூய்மையான மேக்னடைட் கல் கிடைத்தாலும் அதில் இரும்பு 72.4 சதவீதம்தான். ஹேமடைட் என்ற இன்னொரு இரும்புத் தாது என்றால் 69.9. எஞ்சியது ஆக்சிஜன். இதைத் தாண்ட எந்தத் தாதுக் கல்லாலும் முடியாது. போன வருடம் ஒருவர், தரகர் ஒருவர் தன் நிலத்துக் கல்லில் 80 சதவீதம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார் என்று உறுதியாக நின்றார். அப்படி ஒரு கல் இருந்தால் அது கல் அல்ல, யாரோ உடைத்துப் போட்ட தண்டவாளம் என்று சொன்னேன். அவருக்குக் கோபம். தரகர் மீது வரவேண்டிய கோபம் என் மீது வந்தது.

எங்கள் தீர்த்தமலைக் கல் இந்த உச்சத்துக்குப் பக்கத்தில்கூட வராது. கல்லை உடைத்துப் பார்த்தால் கறுப்பும் வெண்சாம்பலுமாக வரிவரியாக இருக்கும். கறுப்பு வரி மேக்னடைட், வெள்ளை வரி குவார்ட்ஸ். சேலத்துக் கஞ்சமலையும் இதே வகைதான். இரும்பு 35 சதவீதத்தை ஒட்டி நிற்கும். கறுப்பு வரியை மட்டும் தட்டி எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கறுப்பு வரிக்குள்ளேயும் குவார்ட்ஸ் பொடிமணிகள் பிணைந்து கிடக்கின்றன. மாவு போல அரைத்த பிறகுதான் இரண்டும் பிரியும், அதன் பிறகுதான் காந்தத்துக்கு வேலை. கர்நாடகத்தில் குதிரேமுகத்தில் இப்படித்தான் செய்தார்கள். 40 சதவீதத்துக்கும் குறைவான மேக்னடைட் கல்லை அரைத்துக் காந்தத்தால் பிரித்து 65-ஐத் தாண்டும் செறிவுப் பொடியாக்கினார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அந்தச் சுரங்கம் 2005 முடிவில் நின்றது.

சேலம் உருக்காலையின் கதையும் இங்கேதான் வருகிறது. 1967-இல் எழுச்சி நாள் என்று ஊர்வலம் போய்க் கேட்ட ஆலை. அடிக்கல் 1970-இல் நாட்டப்பட்டது. கஞ்சமலை இரும்பைக் காட்டித்தான் கேட்டோம். அந்தக் கல்லை நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியோடு சேர்த்து உருக்க முடியுமா என்று ஜாம்ஷெட்பூரின் தேசிய உலோகவியல் ஆய்வகம் சோதித்தும் பார்த்தது. கடைசியில் எண்பதுகளின் தொடக்கத்தில் வேலை தொடங்கிய ஆலை, வெளியிலிருந்து வந்த துருப்பிடிக்காத எஃகுச் சுருளைத் தகடாக உருட்டுகிற ஆலையாகத்தான் இருந்தது. மலை அப்படியே இருக்கிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தீர்த்தகிரீஸ்வரர் குடியிருக்கிற எங்கள் தீர்த்தமலையையும் சல்லடையில் போட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குக் கிடையாது. சோதிப்பது வேறு, தோண்டுவது வேறு.

சரி, மாமா ஒருவர் என்னிடம் கொண்டுவந்த கற்களுக்கு வருகிறேன். அம்மா வழியில் தூரத்து மாமா. மரவள்ளிக் காடு வைத்திருக்கிறார். மேட்டுப் பக்கம் உழும்போது கலப்பைக்குத் தட்டுப்பட்ட கற்கள் என்று நான்கைக் கொண்டுவந்தார். நான்கும் கையில் எடுத்தால் மணிக்கட்டு இறங்குகிற கனம், பளபளக்கும் கறுப்பு.

"நல்ல கல்லாகப் பார்த்துப் பொறுக்கினேன் கண்ணு" என்றார்.

அங்கேதான் தொல்லை. பொறுக்கியது என்றாலே சோதனை முடிந்துவிட்டது, விடையை மாமாவே எழுதிவிட்டார். நான் தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு எண் வரை கவனமாக அளந்து கொடுத்தாலும், அது மாமாவின் கண் எதைத் தேர்ந்தெடுத்தது என்பதைத்தான் காட்டும், நிலத்தில் என்ன இருக்கிறது என்பதைக் காட்டாது. தாதுவியாபாரத்தில் நடக்கும் தகராறுகளில் பாதிக்கு மேல் சோதனைக்கூடத்தில் பிறப்பதில்லை, மாதிரி எடுக்கும் குவியலில் பிறக்கின்றன என்பது என் எண்ணம். முறையாகச் செய்தால் குவியலின் மேலும் கீழும் நடுவிலுமாக, நல்லதும் கெட்டதும் தூளும் கட்டியுமாக அள்ள வேண்டும். உடைக்க வேண்டும். கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகள் இரண்டை வைத்துக்கொண்டு மற்ற இரண்டைத் தள்ள வேண்டும். மறுபடி உடை, மறுபடி குவி, மறுபடி பிரி. ஒரு மாட்டு வண்டிக் கல் கடைசியில் ஒரு சிறிய பொட்டலமாக வரும்வரை இது நடக்கும். அந்தப் பொட்டலத்திலிருந்து நான் எடுப்பது அரை கிராம்.

அரைப்பதிலும் ஒரு சூது இருக்கிறது. குவார்ட்ஸ் எஃகைத் தேய்க்கும். இரும்பு உரலில் இந்தக் கல்லை இடித்தால் உரலும் கொஞ்சம் தேய்ந்து கணக்கில் ஏறிவிடும். வேறு கல்லாக இருந்தால் பொடியில் விழுந்த இரும்புத் துகளைக் காந்தம் வைத்து எடுத்துவிடலாம். தீர்த்தமலைக் கல்லுக்குக் காந்தம் காட்டினால் கல்லே எழுந்து வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் கடைசி அரைப்பு அகேட் என்ற கடினக் கல்லில் செய்த உரலில்தான். கை வலிக்கும். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் முதல் மாதம் இந்த உரல்தான்.

மொத்த இரும்பை அளப்பது பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மெதுவான சூட்டில் பொடி கரையும். கரைசல் மஞ்சளாகும். ஸ்டானஸ் குளோரைடைச் சொட்டுச் சொட்டாக விட்டால் மஞ்சள் மறையும். அதற்குப் பிறகு மெர்க்குரிக் குளோரைடு, அமிலக் கலவை, நிறங்காட்டி, பியூரெட்டில், அதாவது சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாயில், பொட்டாசியம் டைகுரோமேட். பச்சை மெல்ல இருண்டு, ஒரே சொட்டில் ஊதாவாக மாறும். அந்த ஒரு சொட்டுக்காகத்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேனோ என்று சில நாள் தோன்றும். பாதரசத்தைச் சாக்கடையில் விடுவது பாவம் என்பதால் இப்போது டைட்டானியம் குளோரைடு கொண்டு செய்யும் முறைக்கு மாறிவிட்டோம். விடை ஒன்றுதான்.

அமிலத்தில் கரையாமல் பீக்கரின் அடியில் வெண்மையாக உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு முக்கியம். சிலிகா, வெள்ளை வரியில் பார்த்த அந்தக் குவார்ட்ஸ். இந்த மலையின் பாதி அதுதான்.

அதைப் பிடிப்பதற்குப் பொறுமை வேண்டும். கரைசலை வற்றவைத்து, மீண்டும் அமிலம் விட்டு, வடிதாளில் வடிகட்டி, மஞ்சள் கறை போகும்வரை நீர்த்த அமிலத்தாலும் வெந்நீராலும் கழுவ வேண்டும். அந்தத் தாளை மடித்துப் பிளாட்டினம் மூசையில், அதாவது சூடு தாங்கும் சிறு கிண்ணத்தில் வைத்து, சுடர் பற்றாமல் முதலில் கருக வைக்க வேண்டும். சுடர் பற்றினால் எழும் காற்றில் பொடி பறந்துவிடும், நிறை குறையும். கருகிய பிறகு உலைக்குள் 1000 டிகிரிக்கு மேல். ஆறவைத்து நிறுத்தால் ஓர் எடை வரும். மூசைக்குள் எட்டிப் பார்த்தால் வெள்ளைப் பொடி. ஆனால் அந்த வெள்ளையை நம்பக்கூடாது. கொஞ்சம் இளஞ்சிவப்பு படிந்திருந்தால் இரும்பு ஒளிந்திருக்கிறது. சிவப்பு இல்லாவிட்டாலும் அலுமினாவோ (அலுமினிய ஆக்சைடு) டைட்டானியமோ ஒளிந்திருக்கலாம். அவையும் வெள்ளைதான்.

இங்கேதான் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வருகிறது. கண்ணாடியைத் தின்கிற அமிலம் என்பதால் பிளாஸ்டிக் புட்டியில்தான் இருக்கும். தோலில் பட்டால் முதலில் வலி தெரியாது, உள்ளே இறங்கிய பிறகுதான் தெரியும். கால்சியம் குளுக்கோனேட் களிம்புக் குழாயை மேசை மேல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்துவிட்டுத்தான் நான் புட்டியின் மூடியைத் திறப்பேன். மூசையில் இரண்டு மூன்று சொட்டு கந்தக அமிலம், அதன்மேல் இந்த அமிலம், புகைக்கூண்டுக்குள் மெல்லிய சூடு. சிலிகா மட்டும் வாயுவாக மாறிப் பறந்துபோகும். மற்றது எதுவும் போகாது. மீண்டும் உலையில் வைத்து எடுத்து, ஆறவைத்து, நிறுக்க வேண்டும். முதல் எடைக்கும் இந்த எடைக்கும் உள்ள வேறுபாடுதான் சிலிகா. இருப்பதை நிறுப்பதைவிட இல்லாமல் போனதை நிறுப்பது நம்பகமானது என்பது எவ்வளவு அழகான யோசனை. மூசையின் அடியில் ஈ இறகின் கனத்தில் பழுப்பாக ஒரு படலம் நிற்கும். அதையும் விடமாட்டோம், சோடியம் கார்பனேட்டோடு உருக்கிக் கரைத்து மூலக் கரைசலோடு சேர்த்துவிடுவோம்.

இனி கூட்டல். இரும்பை ஆக்சைடாக மாற்றி, சிலிகா, அலுமினா, சுண்ணாம்பு, மெக்னீசியா, பாஸ்பரஸ் என்று எல்லாவற்றையும் கூட்டினால் 100-ஐ ஒட்டி வர வேண்டும். 99.5-க்குக் குறைந்தால் எதையோ தவறவிட்டிருக்கிறோம். 100.5-ஐத் தாண்டினால் எதையோ இரண்டு முறை எண்ணியிருக்கிறோம். எங்களிடம் காவேரிப்பட்டினத்திலிருந்து வந்து சேர்ந்த ஒரு பையன், கெட்டிக்காரன், ஒரு தீர்த்தமலைக் கல்லை முழுவதும் தானே செய்தான். இரும்பு 36.0 என்று வந்தது. ஃபெர்ரிக் ஆக்சைடாக, அதாவது ஆக்சிஜன் முழுவதும் ஏறிய இரும்பாகக் கணக்கிட்டால் 51.5. சிலிகா 47.2, அலுமினா 0.9, சுண்ணாம்பு 0.7, மெக்னீசியா 1.0, பாஸ்பரஸ் பென்டாக்சைடு 0.1. கூட்டினால் 101.4. அத்தோடு, கல்லை உலையில் சுட்டால் எவ்வளவு எடை குறைகிறது என்று பார்க்கும் சோதனையையும் செய்திருந்தான். எடை குறையவில்லை. கூடியிருந்தது, 1.5 சதவீதம்.

"அக்கா, தராசு கெட்டுவிட்டது" என்றான். முகம் வாடிவிட்டது. மறுபடி செய்தான். மறுபடியும் கூடியது.

தராசு சரியாகத்தான் இருந்தது. மேக்னடைட்டில் இரும்பின் ஒரு பகுதி ஃபெர்ரஸ் நிலையில் இருக்கிறது, அதாவது இன்னும் கொஞ்சம் ஆக்சிஜனை ஏற்றுக்கொள்ள இடம் வைத்திருக்கிறது. காற்றில் 1000 டிகிரிக்குச் சுடும்போது அந்த இடத்தை நிரப்பிக்கொள்கிறது. தூய மேக்னடைட்டாக இருந்தால் கிட்டத்தட்ட 3.5 சதவீதம் கனக்கும். இந்தக் கல்லில் பாதிதான் மேக்னடைட், ஈரமும் கொஞ்சம் போயிருக்கும், ஆகவே 1.5. அவன் எல்லா இரும்பையும் ஃபெர்ரிக் ஆக்சைடு என்று வைத்துக் கணக்கிட்டதால், கல்லில் இல்லாத ஆக்சிஜனைக் கூட்டலில் சேர்த்துவிட்டான். அந்த 1.5-ஐக் கழித்தால் 99.9. இரண்டு குழப்பமும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டன. பையன் அந்தத் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டான். அன்றைக்கு எனக்கு டீ அவன் கணக்கில்.

இந்தக் கூட்டலைச் செய்யாமல் "இரும்பு மட்டும் பார்த்துக் கொடுங்கள்" என்று கேட்பவர்களுக்கு நான் கொடுக்கும் எண் சரியாக இருக்கலாம். ஆனால் அதைச் சரிபார்க்க எனக்கு வழி இல்லை. மற்றவை கூடவே நின்றால்தான் ஒவ்வொன்றும் அடுத்ததற்குச் சாட்சி சொல்லும்.

சிலிகா நிறைய இருப்பது கெடுதல்தான், ஆனால் அது ஒளிவுமறைவு இல்லாத கெடுதல். உலையில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டால் இரண்டும் சேர்ந்து கசடாக உருகி மேலே மிதக்கும், வடித்துவிடலாம். செலவு கூடும், கரி கூடும், அவ்வளவுதான். அலுமினா கொஞ்சம் முரடு. அது அதிகமானால் கசடு கெட்டியாகி ஓட மறுக்கும். நம் நாட்டு ஹேமடைட் தாதுக்களின் பெரிய தலைவலி இதுதான். 60 சதவீதத்துக்கு மேல் இரும்பு இருந்தும் அலுமினாவுக்காகக் கழுவிக் கழுவி எடுக்கிறார்கள். என் மேசைக்கு வந்த தீர்த்தமலைக் கற்களில் அந்தத் தொல்லை குறைவு.

பாஸ்பரஸ்தான் திருடன். கல்லில் 0.1 சதவீதம் என்றால் கேட்பவருக்கு ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். ஊது உலையில் கிட்டத்தட்ட முழுவதும் இரும்போடு போய்ச் சேர்ந்துவிடும், கசடில் தங்காது. ஒரு டன் இரும்புக்கு 1.6 டன் கல் போடுகிறோம் என்றால், 0.1 என்பது இரும்பில் 0.16 ஆகிவிடும். கரியில் வருகிற பாஸ்பரஸ் அதற்கும் மேலே. அப்படிப்பட்ட எஃகு வெயில் காலத்தில் சாதுவாக இருக்கும், குளிரில் தட்டினால் உடையும்.

இங்கிலாந்தில் ஹென்றி பெஸ்ஸமர் 1856-இல் உருகிய இரும்புக்குள் காற்றை ஊதி எஃகு செய்யும் முறையை அறிவித்தார். உரிமம் வாங்கிய மற்றவர்கள் செய்தபோது எஃகு நொறுங்கியது. பெஸ்ஸமர் தற்செயலாகப் பாஸ்பரஸ் குறைந்த இரும்பைப் பயன்படுத்தியிருந்தார், மற்றவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இருபது வருடங்களுக்கு மேல் இந்தச் சிக்கல் ஓடியது. தீர்த்தவர் சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ். லண்டனில் காவல் நீதிமன்ற எழுத்தர். பகலில் வழக்குக் கட்டு, மாலையில் வேதியியல் வகுப்பு. உலையின் உள்சுவரைச் சுண்ணாம்புத் தன்மையுள்ளதாக மாற்றி, சுண்ணாம்பையும் சேர்த்தால் பாஸ்பரஸ் கசடுக்குப் போய்விடும் என்று கண்டுபிடித்து, இரும்பு ஆலையில் வேதியியலாளராக இருந்த தன் உறவினர் பெர்சி கில்கிறிஸ்ட்டோடு சேர்ந்து சோதித்து, 1870-களின் கடைசியில் நிறுவிக்காட்டினார். அந்தக் கசடை அரைத்து உரமாக விற்றார்கள். தாமஸ் 34 வயதில் இறந்துபோனார். என் அப்பாவும் கோர்ட்டில் எழுத்தராக இருந்தவர்தான். வீட்டில் அவரைக் "குமாஸ்தா" என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் நான் தாமஸின் கதையை எடுத்துவிடுவேன்.

பாஸ்பரஸை அளக்கும் முறையும் அழகு. நைட்ரிக் அமிலக் கரைசலில் அம்மோனியம் மாலிப்டேட் விட்டுக் குலுக்கினால் பளிச்சென்ற மஞ்சள் வீழ்படிவு இறங்கும். ஒரு பாஸ்பரஸ் அணு பன்னிரண்டு மாலிப்டினம் அணுக்களை இழுத்துக்கொண்டு இறங்குகிறது. அதனால்தான் கண்ணுக்கே தெரியாத அளவு கண்ணுக்குத் தெரிகிறது. சூடு அதிகமானால் ஆர்சனிக்கும் சேர்ந்து இறங்கிவிடும் என்பதால் வெதுவெதுப்பில்தான் வைக்க வேண்டும்.

கடுகளவு என்ன செய்துவிடும் என்று தர்மபுரிக்காரர்கள் கேட்கக்கூடாது. எங்கள் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய ஃபுளோரைடு எத்தனை பேரின் பல்லில் பழுப்புக் கோடு போட்டது, எத்தனை பேரின் முட்டியை மடக்கவிடாமல் செய்தது என்று ஊருக்கே தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்ததே அதற்காகத்தான். என் முன்பற்களிலும் அந்தக் கோடு இருக்கிறது. சிரிக்கும்போது தெரியும், அதற்காக நான் சிரிக்காமல் இருந்ததில்லை.

கந்தகத்தைப் பற்றி இரண்டு வரி போதும். பாஸ்பரஸுக்கு நேர் எதிர்: பழுக்கக் காய்ச்சி அடிக்கும்போது எஃகில் வெடிப்பு விழும். மாங்கனீசு சேர்த்தால் அது கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். சேலத்து இரும்பை நம்பிப் பரங்கிப்பேட்டையில் ஆலை வைத்த ஜோசையா மார்ஷல் ஹீத், எஃகு வார்ப்பில் மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்கு 1839-இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார் என்பது நம் பக்கத்துக் கதையும்கூட.

டைட்டானியம் மலைக் கல்லைவிட ஓடை மணலில்தான் என் கண்ணில் அதிகம் படுகிறது. மழை விட்ட மறுநாள் ஓடையின் வளைவுகளில் கறுப்பாக ஒரு வரி படிந்திருக்கும். பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தைப் பாலித்தீன் பையில் போட்டு அந்த மணலில் இழுத்தால் மீசைபோல முளைத்து ஒட்டும். காந்தத்தைப் பையிலிருந்து உருவினால் மணல் உதிர்ந்துவிடும். பையில்லாமல் செய்தால் அந்தக் காந்தத்தைச் சுத்தம் செய்ய ஒரு பிற்பகல் போய்விடும். ஒட்டாமல் பின்தங்கும் கறுப்பில் பெரும்பாலும் இல்மனைட் இருக்கும், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த தாது. கரைத்து, கந்தக அமிலக் கரைசலில் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் ஆரஞ்சு கலந்த மஞ்சள் தெரியும். நிறம் எவ்வளவு ஆழமோ டைட்டானியம் அவ்வளவு.

அந்தக் கருமணலைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கணக்கு மனதில் ஓடும். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். அந்தக் காலத்து உலையில் சுண்ணாம்பு போடும் வழக்கம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். வெப்பமும் 1200 டிகிரியை ஒட்டித்தான். அப்போது சிலிகாவை உருக்கிக் கசடாக்குவதற்குத் துணை யார்? இரும்பேதான். ஒரு பங்கு சிலிகா, தன்னோடு 1.86 பங்கு இரும்பைக் கசடுக்குள் இழுத்துக்கொண்டு போகும். தீர்த்தமலைக் கல்லில் சிலிகா 47. அது இழுத்துப் போக வேண்டிய இரும்பு 87. கல்லில் இருப்பதோ 36. மலைக் கல்லை அப்படியே உலையில் போட்டிருந்தால் ஓர் ஆணிகூடக் கிடைத்திருக்காது. ஆகவே அவர்கள் இடித்துக் கொழித்திருக்க வேண்டும், அல்லது ஓடையே கொழித்துக் கொடுத்த கருமணலை அள்ளியிருக்க வேண்டும். 60 இரும்பும் 10 சிலிகாவும் உள்ள மணலாக இருந்தால் 18, 19 பங்கு கசடில் போனாலும் 40 பங்கு நிற்கும். 1800-01இல் மைசூர் நாட்டு வழியாகப் போன பிரான்சிஸ் புக்கானன், கருமணலைச் சேர்த்து உருக்குகிறவர்களைப் பார்த்து எழுதியிருக்கிறார். பியூரெட்டும் பிளாட்டினமும் இல்லாமல், முறத்தையும் தண்ணீரையும் கொண்டு சிலிகாவைக் குறைத்தவர்கள். மரக்கரியில் கந்தகம் மிகக் குறைவாக இருந்ததும், உலையின் சூடு குறைவாக இருந்ததால் பாஸ்பரஸில் ஒரு பகுதி கசடிலேயே தங்கிவிட்டதும் அவர்களுக்குக் கூடுதல் லாபம்.

மாமாவின் காட்டுக்கு நேரில் போனபோது வரப்போரத்தில் கிட்டக் கட்டிகள், பழைய இரும்பு உலைகளின் கசடு, கிடந்தன. கறுப்பு, மேலே மெழுகு வழிந்து உறைந்த மாதிரிச் சுருக்கம், உடைத்தால் உள்ளே குமிழ்த் துளைகள். அளவுக்கு மீறிய கனம். மாமாவின் அப்பா காலத்தில் நாட்டு வைத்தியர் ஒருவர் மண்டூரம் என்ற மருந்துக்கென்று இதைத் தேடி வருவாராம். ஒன்றைக் கொண்டுவந்து சோதித்தேன். பாதிக்குப் பக்கத்தில் இரும்பு. மேலே சொன்ன கணக்கு கையில் கனக்கிறது.

"அப்படியானால் கல்லைவிட இந்தக் கழிவில் இரும்பு அதிகமா?" என்றார் மாமா. சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஆமாம். ஆனால் அந்த இரும்பு சிலிகாவோடு கல்யாணம் முடித்துக்கொண்ட இரும்பு, காந்தம் வைத்தாலும் எளிதில் வராது. சதவீதத்தை மட்டும் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. மாமா கொஞ்ச நேரம் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மரவள்ளிக்கு விலை எப்போது ஏறும் என்பதைச் சோதிக்க முடியுமா என்று கேட்டார்.

இனி கல் கொண்டு வருகிறவர்கள் இதைக் கவனத்தில் வைத்தால் எனக்கும் வேலை குறையும், உங்களுக்கும் பணம் மிச்சம். அழகான கல்லைப் பொறுக்க வேண்டாம். நிலத்தில் பத்து இடத்தில், மேல் மண்ணைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, கெட்டியும் உதிரியுமாக அள்ளி ஒரே சாக்கில் போடுங்கள். இடத்தைக் காகிதத்தில் எழுதி உள்ளே வையுங்கள். மை அழியும், பென்சிலால் எழுதுங்கள். இரும்பை மட்டும் கேட்காமல் சிலிகா, அலுமினா, பாஸ்பரஸ், கந்தகம், சுட்டால் எடை எப்படி மாறுகிறது என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். ஓடை மணலாக இருந்தால் டைட்டானியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கந்தகம் வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள். பேரியம் சல்பேட் வீழ்படிவு நன்றாக இறங்க ஓர் இரவு நிற்க வேண்டும், காலையில் கொண்டுவந்து மாலை பஸ்ஸுக்குள் காகிதம் வேண்டும் என்று கேட்டால் என்னால் கொடுக்க முடியாது.